பி.டி. மாஸ்டரின் மறுபரீட்சை

மண்டியிடுவது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருப்பதில்தான் பி.டி. மாஸ்டருக்குத் தகராறு வந்துவிட்டது.

நெஞ்சுநோய் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, ஒரு முழங்கால் தரையிலும் இன்னொன்று காற்றிலுமாக மனிதர் சிலையாகிவிட்டார். எதிரே நாற்காலியில் ஒரு பெண். மடியில் அட்டை, அட்டையில் தாள், கையில் பேனா.

"சார், செஞ்சு காட்டவெல்லாம் வேண்டாம். குனியறது, மண்டியிடறது, இதுல சிரமம் நிறைய இருக்கா, கொஞ்சம் இருக்கா, இல்லவே இல்லையா? வாயால சொன்னாப் போதும்."

"சிரமமா? எனக்கா?" என்றார் மாஸ்டர் தரையிலிருந்தே. "இல்லவே இல்லைன்னு எழுதிக்கம்மா. அப்படியே இந்தக் கையைக் கொஞ்சம் பிடி."

நோயாளிகளிடம் கேள்வி கேட்பதுதான் அந்தப் பெண்ணின் உத்தியோகம். அதனால் கூடத்தில் அவளுக்குக் கேள்விக்காரப் பொண்ணு என்றே பெயர். அவளிடம் இரண்டு விதத் தாள்கள் இருந்தன. ஒன்று குட்டித்தாள். ஐந்தே கேள்வி, அதற்குக் கீழே தெர்மாமீட்டர் போல, பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும் ஒரு கோடு. இன்றைக்கு உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்று அதில் குறி போட வேண்டும். இன்னொன்று நெடுந்தாள். மாடி ஏறுவதில் தொடங்கி மனசு சோர்வது வரை பக்கம் பக்கமாக விசாரிக்கும். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் இருந்த எல்லோரும் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

"இது எதுக்குன்னா சார்..." என்று அவள் ஆரம்பத்திலேயே விளக்க வாயெடுத்தாள்.

"எல்லாம் தெரியும்மா. நானும் வாத்தியார்தான்" என்று மாஸ்டர் கையமர்த்திவிட்டார்.

ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. காசநோய் என்ற சொல்லையே இத்தனை மாதமும் அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. "நெஞ்சுல லேசா ஒரு இது" என்பார். அந்த 'இது' அவரைக் கொத்தவரங்காய் மாதிரி ஆக்கிவிட்டுப் போனதை அக்கம்பக்கம் முழுவதும் பார்த்தது.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்து அணிவகுப்புக்கு முன்னால் விசில் ஊதி நடந்தவர் அவர்தான். இந்த வருஷம் படுத்துவிட்டதால் தலைமையாசிரியை அந்தப் பொறுப்பை ட்ராயிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். ட்ராயிங் மாஸ்டர் நல்ல மனிதர். 'லெஃப்ட் டர்ன்' என்பதைக்கூட யார் மனசும் புண்படாமல்தான் சொல்வார். பாதிப் பிள்ளைகள் திரும்பும். மீதிப் பிள்ளைகள் யோசிக்கும்.

"உடம்பு சரியாயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க. விசில் உங்களுது" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

எழுதித் தருவதற்கு முன்னால் இப்படி ஒரு பரீட்சை வைக்கிறார்கள் என்று மாஸ்டர் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். குட்டித்தாளின் கோட்டில் நூறின் மேல் அழுத்திக் குறி போட்டார். தாளே கிழிந்தது.

"போன வருஷத்தோட ஒப்பிட்டா இப்ப உடம்பு எப்படி இருக்கு சார்?"

"போன வருஷமும் ஃபர்ஸ்ட். இந்த வருஷமும் ஃபர்ஸ்ட்."

"அப்போ நடுவுல வியாதியே வரலையா?"

"வந்துச்சு. வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு."

அவள் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி சார். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. இதே கேள்விகளை மறுபடி கேட்கணும்."

"மறுபடியுமா? ஏம்மா?"

"பதில் எல்லாம் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்ல."

மாஸ்டரின் முகம் சுண்டிவிட்டது. மறுபரீட்சை. பள்ளிக்கூடத்துக்கே உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த உடம்பு உடல்நலத்தில் ஃபெயில். இது வெளியே தெரிந்தால் என்னாவது?

"கேள்வித்தாள் ஒரு செட்டு குடும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "வீட்ல வச்சுப் பார்த்துக்கறேன்."

கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொடுத்துவிட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். மற்றதையெல்லாம் மாஸ்டரே பார்த்துக்கொண்டார்.

மாஸ்டருடைய மனைவி அதே பள்ளியில் கணக்கு டீச்சர். பரீட்சை முடிந்தால் அந்த அம்மாள் கட்டுக் கட்டாகப் பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். எதிரே மாஸ்டர் விசிலைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பேப்பர் திருத்தியிருக்கீங்களா? ஒரே ஒரு ஆளை ஃபெயில் ஆக்கியிருக்கீங்களா?" என்பார் டீச்சர். மாஸ்டர் விசிலை இன்னும் கொஞ்சம் துடைப்பார்.

இப்போது அதே சிவப்புப் பேனா நெடுந்தாளின் மேல் ஊர்ந்தது. பதிலெல்லாம் மாஸ்டர் நினைவிலிருந்து எழுதிக்காட்டியவை.

"மாடி ஏறுறதுல சிரமம் இல்லவே இல்ல."

"இல்ல."

"கனமான பை தூக்குறதுல?"

"இல்ல."

"வீடு பெருக்குறது, மேஜை நாற்காலி நகர்த்துறது?"

"எதுலயும் இல்ல டீச்சர்." மிடுக்கு வரும்போது அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

டீச்சர் பேனாவை மூடினார். "அப்போ இத்தனை மாசமா நான் ஏங்க பெருக்குறேன்?"

மறுநாளிலிருந்து மூன்றாவது மாடியிலிருந்த வீட்டுக்குச் சாமான் பை ஏறுவது மாஸ்டரின் கையில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் மாடி அம்மாள் இருக்கிறாரே, கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்துக்கொண்டே சமைக்கிறவர், அவர் சொன்னது இது: மாஸ்டர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பைகளுக்கு நடுவே உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாராம்.

"என்ன மாஸ்டர், மூச்சு வாங்குதா?"

"சேச்சே. சுவத்துல ஈரம் இறங்குதான்னு பார்க்கறேன்."

வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியில் சரிந்தவரைப் பார்த்து டீச்சருக்குப் பாவமாகிவிட்டது. விசிறிக்கொண்டே சொன்னார்: "நூத்துக்கு நூறு போட்டா யாருங்க நம்புவா? என் பேப்பர்ல ஒருத்தன் நூறு வாங்கினா, பக்கத்துல உட்கார்ந்தவன் பேப்பரையும் எடுத்துப் பார்ப்பேன். எண்பத்தஞ்சு வாங்குங்க. அது நல்ல பிள்ளையோட மார்க்கு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மீதிப் பதினைந்தை எங்கே விடுவது? கை, கால், மூச்சு எல்லாம் அவருடைய சொந்தப் பாடம். அதில் ஒரு மார்க் குறைந்தாலும் தொழிலுக்கே இழுக்கு. நெடுந்தாளைப் புரட்டினார். பின்பக்கம் முழுக்க மனசைப் பற்றி இருந்தது. மனசு அவர் பாடமில்லை. அதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் உண்டு.

மறுபரீட்சை நாளன்று மாஸ்டர் சவரம் செய்து, சட்டைக்குள் விசிலையும் மாட்டிக்கொண்டு போனார்.

"கடந்த நாலு வாரத்துல, மனசு உடைஞ்சு சோர்ந்து போனீங்களா சார்?"

"எப்பவும்" என்றார் உற்சாகமாக.

"எதைச் சொல்லியும் தேத்த முடியாத அளவுக்கு?"

"அதுக்கும் எப்பவும்னே போட்டுக்க."

"சந்தோஷமா இருந்தீங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல" என்று சிரித்தார்.

பெண்ணின் பேனா நின்றது. குட்டித்தாளை எடுத்தாள். அதில் கவலை, சோர்வு பற்றி ஒரே ஒரு கேள்விதான். ஐந்தில் ஒன்றை விட்டால் அது பெரிய அடியாகிவிடும் என்று மாஸ்டர் வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"கவலை, சோர்வு ஏதாவது?"

"துளிகூட இல்ல."

"இப்பத்தான சார் எப்பவும்னு சொன்னீங்க?"

"அது அந்தப் பேப்பர்ல."

சிரித்துக்கொண்டே சோகத்தைச் சொல்கிற ஆளை லேசாக விட முடியுமா? பெண் பயந்துபோய் மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள். ஆலோசகர், வீட்டு மனிதர் ஒருவரை அழைத்துவரச் சொன்னார். டீச்சர் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்றார் ஆலோசகர் கனிவாக.

"இங்க வர்ற வரைக்கும் இல்ல" என்றார் டீச்சர்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் நாலடி முன்னாலேயே நடந்தார். படியேறும்போது முதல் மாடிக் கதவின் விரல்கடைச் சந்து ஒரு சாணாகியது. "என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று ஒரு கேள்விதான். டீச்சர் ஒரு பதில்தான் சொன்னார். "இவர் என்கூட ஒரு நாள்கூட சந்தோஷமா இல்லையாம்." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மேல்மாடி, எதிர்வீடு, இஸ்திரி கடை வரைக்கும் எட்டிவிட்டது. ஆளாளுக்கு வந்து மாஸ்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"பதினஞ்சு மார்க்குக்காகச் சொன்னேன் டீச்சர். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"மார்க்கைக் கோட்டைவிட உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? முழங்கால் வலிக்குதுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"முழங்கால் எப்படி வலிக்கும்? நான் பி.டி. மாஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமை ட்ராயிங் மாஸ்டரே ஆப்பிள் பையோடு வந்துவிட்டார்.

"மாஸ்டர், மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. தலைமையாசிரியையும் ரொம்பக் கவலைப்பட்டாங்க. இந்த வருஷம் முழுக்க நீங்க ஓய்வெடுங்க, எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்." சற்றுத் தயங்கினார். "ஒரே ஒரு சந்தேகம். விசில் ஊதினா எச்சில் வருதே, அதை என்ன பண்றது?"

நெடுந்தாளில் மனசைப் பற்றி மாஸ்டர் சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் உண்மையாயிற்று. ட்ராயிங் மாஸ்டர் போனபிறகு நம் மாஸ்டர் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். கையில் விசில் இருந்தது. துடைக்கக்கூட இல்லை. டீச்சர் அதைப் பார்த்தார். பையிலிருந்த ஆப்பிளை நறுக்கிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"ட்ராயிங் மாஸ்டருக்கு ரைட்டு லெஃப்ட்டே தெரியாதுங்க. போன தடவை கொடிக்கம்பத்துக்கு முதுகைக் காட்டி சல்யூட் அடிச்சாரு" என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து.

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து மூன்றாம் தடவையாக அழைப்பு வந்தது. இந்தத் தடவை டீச்சரும் கூடவே கிளம்பினார். "நீங்க தனியாப் போனா இன்னும் என்னென்ன சொல்லிட்டு வருவீங்களோ" என்று காரணம் சொன்னார்.

கேள்விக்காரப் பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "உங்களது மட்டும் இல்ல சார். எல்லாரோடதும் இந்தத் தாள்ல ஒண்ணு, அந்தத் தாள்ல ஒண்ணுன்னு இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல. இருங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் தலை மறைந்ததும் மாஸ்டர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பே ஃபெயில். அணியை விட்டுவிட்டுத் தான் மட்டும் மைதானத்தைச் சுற்றி வருகிற ஆளா அவர்?

வெல்டர் ஒருவர் பக்கத்தில் நகர்ந்து வந்தார். "மாஸ்டர், நீங்க படிச்சவங்க. எப்படிச் சொன்னா வேலைக்கு அனுப்புவாங்க?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி மாஸ்டர் எழுந்தார். "எங்க போறீங்க? உட்காருங்க" என்று டீச்சர் கையைப் பிடிக்கப் போனார். அவர் உட்காரப் போகவில்லை. சட்டைக்குள் கைவிட்டார். முகக்கவசத்தை இறக்கினார்.

விசில் நீளமாக ஒலித்தது. கூடம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. பாதிப் பேர் அதிர்ச்சியில் இருமினார்கள்.

"உயர வரிசைப்படி நில்லுங்க. தையல்காரம்மா, நீங்க முன்னால வாங்க. மாடி ஏறுறது?"

யாருக்கும் தெரியவில்லை.

"சிரமம் கொஞ்சம்னு சொல்லணும். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. மாடி ஏறுறது?"

"சிரமம் கொஞ்சம்" என்றது வரிசை.

"மனசு சோர்வு?"

"எப்பவாவது."

"ரெண்டு தாள்லயும் அதேதான். மாத்தக் கூடாது. கோடு எங்க போடணும்?"

"எண்பத்தஞ்சுல."

தையல்காரம்மா கையைத் தூக்கினார். "மாஸ்டர், எனக்கு இன்னும் மெஷின் மிதிச்சாலே மூச்சு வாங்குது. எண்பத்தஞ்சு ஜாஸ்தி இல்லையா?"

"நம்பிக்கை வேணும்மா. எண்பத்தஞ்சு."

"எனக்கு முழுசா சரியாயிடுச்சு மாஸ்டர்" என்றார் வெல்டர். "நூறு போட்டுக்கட்டுமா?"

"அடக்கம் வேணும். எண்பத்தஞ்சு."

டீச்சர் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இருந்தாலும், மாஸ்டர் 'ரைட் டர்ன்' என்றதும் அத்தனை பேரும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல் வலப்பக்கம் திரும்பியபோது ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கால்கூடப் பிசகவில்லை. வரிசையின் கடைசியில் மருந்து வாங்க வந்த யாரோ ஒருவரும் சேர்ந்து திரும்பியிருந்தார்.

பெண் டீ குடித்துவிட்டு வந்து கேள்விகளை ஆரம்பித்தாள். முதலில் வெல்டர். அவருடைய இரண்டு தாளும் அச்சாக ஒத்துப்போனது. அவள் முகம் மலர்ந்தது. அடுத்து தையல்காரம்மா. அதுவும் அச்சு. அவள் இன்னும் மலர்ந்தாள். நாலைந்து பேர் தாண்டியதும், எல்லோர் தாளிலும் அதே பதில், அதே எண்பத்தைந்து என்று தெரிந்து, மலர்ச்சி மெல்ல வாட ஆரம்பித்தது. கடைசியாக மாஸ்டர் வந்து, கேட்பதற்கு முன்னாலேயே எண்பத்தைந்தில் குறி போட்டார். அவள் தாள்களையெல்லாம் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

மாடி அறையில் டாக்டரம்மா மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் கேள்விக்காரப் பெண், தாள் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி. கண் சிவந்திருந்தது.

"கீழ விசில் ஊதினது யாரு?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். தண்டனையென்றாலும் நிமிர்ந்துதானே வாங்க வேண்டும். "நான்தான் டாக்டர்."

"இங்க வரைக்கும் கேட்டுச்சு. எவ்வளவு நீளம். முடிச்சதும் இருமினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"இருமவே இல்ல டாக்டர்" என்றார் டீச்சர் குறுக்கே. "வீட்லகூட ரெண்டு கையிலயும் பையோட மூணு மாடி ஏறுறாரு. நடுவுல உட்காருவாரு. ஆனா பையை ஒரு தடவைகூட யார்கிட்டயும் கொடுத்ததில்ல."

மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் அவருக்குப் போட்ட முதல் மார்க் அது. டீச்சர் அவர் பக்கமே திரும்பாமல் டாக்டரின் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மேஜை டிராயரை இழுத்தார். "சளிப் பரிசோதனை ரெண்டு தடவையும் சுத்தம். எக்ஸ்ரேயும் சுத்தம். எடையும் ஏறியிருக்கு. மருந்தும் முடியுது. தாராளமா வேலைக்குப் போங்க. கொஞ்ச நாளைக்கு ஊதறதோட நிறுத்திக்குங்க, ஓடாதீங்க." கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ட்ராயிங் மாஸ்டரிடமிருந்து பள்ளிக்கூடத்து விசிலை வாங்கும்போது சுடுதண்ணீரில் ஒரு தடவை கழுவ வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. கதவு வரைக்கும் போனவர் நின்றார். கையில் சான்றிதழ் இருந்தாலும் ஒரு வாத்தியாரால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் படியிறங்க முடியாது.

"ஏம்மா," என்றார் கேள்விக்காரப் பெண்ணிடம், டீச்சருக்கும் கேட்கிற மாதிரி, "கடைசியா எனக்கு எத்தனை மார்க்கு?"

அவள் தாள் கட்டை மேஜையில் தொப்பென்று போட்டாள்.

"பரீட்சை உங்களுக்கு இல்ல சார், இந்த ரெண்டு கேள்வித்தாள்ல எது தேறும்னு பார்க்கத்தான் உங்களையெல்லாம் கேட்டோம், நீங்க ஒரே ஆளா ரெண்டையும் ஃபெயிலாக்கிட்டீங்க."